சாந்தோரினியில் பந்தல் கிடையாது

என் பட்டியலை என் மேலாளர் தன் பெயரில் கொடுத்தார். பதிலுக்கு நான் செய்தது, ஒருநாள் முழுக்க வாயைத் திறக்காமல் இருந்தது மட்டும்தான். இன்றுவரை எனக்கு அதில் வருத்தமில்லை.

திருச்சி கன்டோன்மென்டில் எங்கள் சிறிய அலுவலகம். வெளிநாட்டு ஒயின் வியாபாரி ஒருவருக்காக எரிமலைத் தீவுகளின் திராட்சைத் தோட்டங்களை டேட்டாபேஸாகத் தொகுத்தோம். எட்டு மாதம் அதை நான் ஒருத்திதான் செய்தேன். தீவு, மண், ரகம், கொடி வளர்க்கும் முறை, சுவை என்று அட்டவணையில் ஐந்து பத்திகள். ஒயின் பாட்டிலே நுழைந்திராத ஸ்ரீரங்கத்து வீட்டிலிருந்து டவுன் பஸ் ஏறிப் போய், அசிர்டிகோ திராட்சையின் புளிப்பையும் லேசான உப்புக் கரிப்பையும் எழுதினேன். குடித்தவர்களின் குறிப்புகளை ஒப்பிட்டு எழுதியது என்பதையும் அடியிலேயே சொல்லியிருந்தேன்.

நான்காவது பத்திதான் எனக்குப் பிடித்தது. கிரேக்கத் தீவான சாந்தோரினியில் காற்று பேயாக அடிக்கும். அதனால் கொடியைத் தரையோடு கூடைபோலச் சுற்றிவிடுவார்கள். குலைகள் அதற்குள் பத்திரமாக இருக்கும். ஸ்பெயினின் லான்சரோட்டே தீவில் கரிய எரிமலைச் சாம்பலில் குழி தோண்டி, குழிக்கு ஒரு கொடி நட்டு, காற்று வரும் பக்கம் அரைவட்டமாகக் கல் அடுக்குவார்கள்.

மேலாளரின் மாமனாருக்குக் கம்பத்தில் திராட்சைத் தோட்டம். ஒருநாள் மேலாளர் அந்தப் பத்தியைப் பார்த்துவிட்டு எல்லோர் முன்னாலும் சிரித்தார்.

"பத்து வருஷமா தோட்டத்தைப் பாக்குறேன். திராட்சைன்னா பந்தல்தான். கூடையாம், குழியாம். என்னம்மா, கோலப்போட்டிக்கு எழுதுனியா?"

எல்லோரும் சிரித்தார்கள். புகைப்படங்களைக் காட்டுகிறேன் என்றேன். அதெல்லாம் டூரிஸ்டுக்காக எடுத்த படம் என்றார்.

வியாபாரி நேரில் வருவதற்கு முந்தைய நாள் காலை டேட்டாபேஸ் கோப்பைத் திறந்தேன். நான்காவது பத்தியில் மேலிருந்து கீழ்வரை 'பந்தல்'. முதல் பக்கத்தில் தயாரித்தவர் என்று அவர் பெயர். என் பெயர் எங்குமே இல்லை. பழைய பிரதி என்னிடம் இருந்தது. பத்து நிமிடத்தில் சரிசெய்திருக்கலாம். வியாபாரியான அந்த அம்மாள் சாந்தோரினிக்காரர், பட்டியலின் முதல் வரிசையே அவர் குடும்பத் தோட்டம் என்பதும் எனக்குத் தெரியும். மேலாளர் அந்த வரிசையைப் படிக்கவே இல்லை. கோப்பை மூடிவிட்டு, கொண்டுபோன புளியோதரையை நிதானமாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் மேலாளர் பந்தலின் நன்மைகளை விளக்கினார். நிழல், காற்றோட்டம், குலையின் நிறம். அந்த அம்மாள் இறுதிவரை கேட்டார். பிறகு, எங்கள் ஊரில் பந்தல் போட்டால் மறுநாள் அடுத்த தீவில் போய்த்தான் எடுக்க வேண்டும் என்றார் அமைதியாக. சுவைப் பத்தி இவ்வளவு சரியாக இருக்கிறதே, அதை எழுதியது யார் என்று கேட்டார்.

மேலாளர் என்னைப் பார்த்தார். நான் அவசரப்படவில்லை. அவர் நன்றாகப் பார்த்து முடித்த பிறகு, என் பழைய பிரதியைத் திரையில் போட்டேன்.

அந்தப் பிரதி என் பெயரோடுதான் போயிற்று. வராந்தாவில் மேலாளர் என்னை மறித்தார்.

"தெரிஞ்சிருந்தும் ஏம்மா சொல்லல?"

"சொன்னேனே சார். கோலப்போட்டின்னீங்க."

அந்த அம்மாள் எனக்கென்று ஒரு பாட்டில் அசிர்டிகோ ஒயின் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. ஐந்து பத்திகளையும் ஒரு சீட்டில் கையால் எழுதி, பாட்டில் கழுத்தில் கட்டி, மேலாளரிடம் இரண்டு கையாலும் கொடுத்தேன். 'கூடை' என்றிருந்த நான்காவது வரியை அவர் படித்து முடிக்கும்வரை எதிரிலேயே நின்றேன்.