மகன் பெயரில் ஒரு வருடம்

எங்கள் ஒவாஹாகா மலையில், யாவெல் ஊர்க்கூட்டத்துக்கு வராதவன் தலையில்தான் வேலையைக் கட்டுவார்கள். வந்தவன் ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பித்துக்கொள்வான். வராதவனுக்காக யார் பேசுவது? அப்படித்தான் அபுந்தியோவை ஒரு வருடத்துக்கு ஊர்க்காவல்காரனாக்கினார்கள். அவனோ லாஸ் ஏஞ்சல்ஸில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான். அனுமதிக் காகிதம் இல்லாமல் எல்லை தாண்டியவன்; ஊருக்கு வந்தால் திரும்பிப் போக முடியாது. வராவிட்டால் பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிடுவார்கள். அப்புறம் ஊரில் அவனுக்கு வீட்டுமனையும் கிடையாது, கல்லறையில் ஆறடியும் கிடையாது.

கூலிக்கு ஆள் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். அவன் அம்மா ஃபிதெலா, ரொட்டி சுட்டுப் பிழைக்கும் விதவை, ஒத்துக்கொள்ளவில்லை.

"எம் புள்ள செய்யவேண்டியத ஊரான் செய்யணுமா? காவல் கோலை இப்படிக் குடுங்க!"

அன்றிலிருந்து ஊர் அவளை மகன் பெயர் சொல்லியே கூப்பிட்டது. "ஏன்டா அபுந்தியோ, மீசை எங்க?" என்பான் எழுத்தர் தொமித்திலோ.

"ஒம் பொண்டாட்டிக்கு இரவல் குடுத்திருக்கேன், போய் வாங்கிக்க" என்பாள்.

பள்ளத்தில் மேகம் கிடக்கும்போதே ரொட்டி சுட்டு முடித்துவிட்டு, ஊர்ச்செய்தி சொல்லச் சரிவு சரிவாக இறங்குவாள். முழங்கால் வலிக்கும், யாரிடமும் சொல்ல மாட்டாள். திருவிழாவில் குடித்துவிட்டு மேளத்தைக் கிழித்த நசாரியோவைக் காதைப் பிடித்து இழுத்துப்போய் ஊர்க் கொட்டடியில் அடைத்தாள். விடிந்ததும் அவளே அவனுக்குக் காபியும் ரொட்டியும் கொண்டுபோனாள். அவன் இன்றும் அவளைக் கண்டால் தொப்பியைக் கழற்றுகிறான்.

வருடக் கடைசிக் கூட்டத்தில் கோலை ஒப்படைத்தாள். "அபுந்தியோ முறை முடிஞ்சுது. அவன் பேரு பட்டியல்ல அப்படியே இருக்கும்" என்றார் ஊர்த்தலைவர் எவாரிஸ்தோ. ஃபிதெலாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அந்த நிறைவில்தான் புத்தி கெட்டது. அடுப்பில் ரொட்டி கிடக்கிறதே, எடுத்துவிட்டு ஓடி வந்துவிடலாம் என்று எழுந்து போனாள். பிறந்ததிலிருந்து இந்த ஊரில் இருப்பவள் செய்கிற காரியமா அது!

கூடையோடு திரும்பியபோது மண்டபமே சிரித்துக்கொண்டிருந்தது.

"அக்கா, வர்ற வருஷம் காவல்காரங்களுக்கெல்லாம் நீதான் தலைவி" என்றான் தொமித்திலோ.

"அடப் பாவிகளா, ரொட்டி எடுக்கப் போன நேரத்துலயா? எம் பையன் முறைதான் முடிஞ்சு போச்சே!"

"அபுந்தியோவ யாரு சொன்னா?"

பட்டியலைத் திருப்பிக் காட்டினான். மேலிருந்து கீழே எல்லாம் ஆண்பிள்ளைகள் பெயர். கடைசியில், மை காயாமல், அவள் பெயர். அவள் வீட்டுக்குப் புருஷன் இருந்தவரை அவன் பெயர், அப்புறம் மகன் பெயர். ஃபிதெலா என்று அதில் யாரும் எழுதியதில்லை.

இன்னும் நாலு வசவு நாக்கில் நின்றது. அவள் கூடையை இறக்கி வைத்தாள்.

"சத்தமாப் படி, தொமித்திலோ. பின்னாடி நிக்கிறவங்களுக்கும் கேக்கணும்."