தனபாலன் அண்ணன் என்னிடம் சொன்ன ஒரே பொய்

அந்த வியாழக்கிழமை காலை நான் கையுறைகளில் தண்ணீர் நிரப்பித் தொங்கவிட்டுக்கொண்டிருந்தேன். பாக்கார் ஆராங் பக்கம் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாடு என் வேலை. ஒழுகினால் ஓட்டை, ஒழுகாவிட்டால் நல்லது. உயிர்த் தொழில்நுட்பத்தில் பட்டம் வாங்கியவளுக்கு வாய்த்த ஆராய்ச்சி இவ்வளவுதான். பசியாறப் போகும்போது லாக்கரிலிருந்து கைப்பேசியை எடுத்துப் பார்த்தேன். எங்கள் பழைய மாணவர் வாட்ஸ்அப் புலனக் குழு முழுக்கக் கைகூப்பிய படங்கள். பீடோங் தனபாலன் அண்ணன் விடிகாலையில் மாரடைப்பு வந்து இறந்துவிட்டார்.

எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா, நேரில் பேசிக்கொள்வோம் என்று என்னிடம் சொல்லியிருந்தவர் அவர். அவரிடம் படித்தவர்களும் அவரோடு வேலை பார்த்தவர்களும் இதை வாசிப்பீர்கள். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். அவரைப் பற்றி நல்லதும் எழுதத்தான் போகிறேன், ஆனால் கோபத்தோடுதான் எழுதுவேன்.

பல்கலைக்கழகத்தில் அவர் எனக்கு ஓர் ஆண்டு மூத்தவர். இருவருமே தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள், இருவருக்குமே டாக்டர் கனவு. மருத்துவம், பல் மருத்துவம், மருந்தியல் என்று ஆசைப்பட்டதையெல்லாம் கேட்டுவிட்டு, விண்ணப்பத்தின் கடைசி இடத்தைக் காலியாக விடக்கூடாதே என்று உயிர்த் தொழில்நுட்பத்தைப் போட்டவர்கள். அதுதான் கிடைத்தது. அது என்ன படிப்பு என்று எங்கள் தோட்டத்தில் யாருக்கும் தெரியாது. "டாக்டருக்குப் பக்கத்துல ஒரு படிப்பு" என்று அப்பா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். மேடைக்கு மேடை இதுதான் நாட்டின் எதிர்காலம் என்று பேசிய காலம் அது. முதல் வாரமே கேண்டீனில் அண்ணன் என்னிடம் சொன்னார்: "நம்பிடாத தங்கச்சி. எதிர்காலம் எதிர்காலம்னு சொல்றான், கெர்ஜா எங்க, வேல எங்கன்னு ஒருத்தனும் சொல்ல மாட்றான் லா."

அப்படிப்பட்ட மனிதர்தான் அவர். முகத்துக்கு நேரே உண்மையைச் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு தேநீர் வாங்கிக் கொடுப்பார்.

படித்து முடித்ததும் அவர் முதலிலும் அடுத்த ஆண்டு நானுமாக ஒரே இடத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். கோலா கெடாவுக்கு அருகில் ஓர் இறால் குஞ்சு பொரிப்பகம். கடலும் சேறும் மீன் வாடையும். ஆனாலும் என் வாழ்க்கையிலேயே நான் பாட்டுப் பாடிக்கொண்டு வேலைக்குப் போன இடம் அது ஒன்றுதான். கண்ணாடிக் குவளையில் தண்ணீரை மொண்டு வெளிச்சத்துக்குக் காட்டினால் ஊசி முனையளவு குஞ்சுகள் துள்ளும். அண்ணன் குவளையை என் முகத்துக்கு முன்னால் நீட்டி, "பாரு, நம்ம பிள்ளைங்க" என்பார்.

ஒரு மழைக்காலத்தில் அவை சாகத் தொடங்கின. முதலில் ஒரு தொட்டி, பிறகு பக்கத்துத் தொட்டி. எங்களுக்குத் தெரிந்த நோய்களுக்கெல்லாம் சோதித்தோம், எதுவும் அகப்படவில்லை. அண்ணன் கிருமி என்றார். நான் தண்ணீர் என்றேன். எது என்று பார்ப்பதற்குள் எல்லாத் தொட்டியிலும் குளோரின் ஊற்றச் சொல்லி முதலாளியிடமிருந்து உத்தரவு வந்துவிட்டது. ஊற்றினோம். மிச்சமிருந்த குஞ்சுகளும் தடயமும் அதோடு போயின. பொரிப்பகத்தை மூடுவதாக யாரும் அறிவிக்கும் முன்பே அண்ணன் என்னைத் தனியே அழைத்து, "கதவ சாத்தப் போறாங்க தங்கச்சி. வாய்க்கு வந்தத சொல்லி உன்ன ஏமாத்துவாங்க. நீ இப்பவே வேற வேல தேடு" என்றார். அவர் சொன்னதால்தான் எனக்கு இந்தத் தொழிற்சாலை வேலை கிடைத்தது. மற்றவர்கள் கடைசி நாள் வரை நம்பிக்கொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு அவர் பீடோங்கில் உயிரியல் டியூஷன் ஆரம்பித்தார். புதிதாக வரும் ஒவ்வொரு பிள்ளையிடமும் ஏன் பயோலஜி எடுத்தாய் என்று கேட்பார். "அம்மா சொன்னாங்க சார்", "டாக்டராவணும் சார்", "கணக்கு வரல சார்" என்பார்கள். எல்லாவற்றுக்கும் சிரிப்பார். பிறகு, "மத்த பாடமெல்லாம் புத்தகத்துல சும்மா கெடக்கும். இது அழுகும், நாறும், செத்துப் போவும். சம்மதம்னா உக்காரு" என்பார். உங்களில் பலர் அதைக் கேட்டுவிட்டு உட்கார்ந்தவர்கள்தான். என் மகள் தர்ஷினியும் அங்கே உட்கார்ந்தாள்.

தீபாவளிக்குத் தீபாவளி அவர் குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வருவார். முறுக்கைக் கடித்துக்கொண்டே அந்தச் செத்த இறால் வழக்கை மறுபடி எடுப்போம். அவர் கிருமி, நான் தண்ணீர். அண்ணியும் என் வீட்டுக்காரரும் எழுந்து வெளியே போய்விடுவார்கள். தர்ஷினி மட்டும் எங்கள் வாயைப் பார்த்துக்கொண்டு அங்கேயே இருப்பாள்.

சென்ற ஆண்டு அவள் உயிர்த் தொழில்நுட்பம் என்று மெல்லப் பேச்செடுத்தாள். நேரே பீடோங் போய் அண்ணனைப் பார்த்தேன். "அண்ணே, நான் சொன்னா கேக்க மாட்டா. நீங்க சொன்னா கேப்பா. மருந்தியல் போடச் சொல்லுங்க. என்ன மாதிரி ஓட்டக் கையுறைய எண்ணிக்கிட்டு ஒக்கார வேணாம்" என்றேன். அழுதும்விட்டேன். "நீ வீட்டுக்குப் போ தங்கச்சி. நான் பேசுறேன்" என்றார். ஒரு வாரம் கழித்து அவரே கூப்பிட்டார். "மருந்தியலத்தான் முதல்ல போட்டிருக்கா. நீ நிம்மதியா இரு" என்றார்.

நிம்மதியாக இருந்தேன். அண்ணன் சொல்லிவிட்டாரே, அப்புறம் என்ன? மகளிடம்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை. தொழிற்சாலையில் தோழிகளிடமெல்லாம் மகள் மருந்தகம் வைக்கப்போகிறாள் என்று பெருமையடித்தேன். பல்கலைக்கழக இடங்களுக்கான முடிவு வந்தது. உயிர்த் தொழில்நுட்பம். அவள் முதலிடத்தில் கேட்டதே அதைத்தானாம். மருந்தியலை அவள் கேட்கவே இல்லை.

அன்றைக்கே அண்ணனுக்குப் போன் போட்டுக் கத்தினேன். "ஞாயித்துக்கெழம வாயேன், மொகத்தப் பாத்துத் திட்டு" என்றார். குரலில் ஒரு வருத்தமும் இல்லை.

சாவு வீட்டில் கூட்டம் சாலை வரை நின்றது. டாக்டர்கள், ஆய்வகத்தில் வேலை செய்பவர்கள், இன்சூரன்ஸ் விற்பவர்கள், கிராப் டாக்சி ஓட்டுபவர்கள். "சார் எங்கிட்ட எதையும் மறைச்சதே இல்ல" என்று ஒரு பையன் தேம்பினான். எனக்குச் சுருக்கென்றது. என்னிடம் மறைத்தாரே, நான் என்ன பாவம் செய்தேன்? பெட்டிக்குப் பக்கத்தில் தர்ஷினி விழுந்து அழுதபோது அவளைத் தூக்கிவிடக்கூட எனக்கு மனம் வரவில்லை.

திரும்பும்போது காரில் கேட்டேவிட்டேன். "உன் சார் உங்கிட்ட பேசவே இல்லையா?"

"பேசினாரு மா. எல்லாத்தையும் சொன்னாரு. வேல கெடைக்காதுன்னாரு. உங்க இறால் ஹாட்ச்சரி மூடினது, குளோரின் ஊத்தின அன்னிக்கு நீங்க பஸ்ல அழுதுக்கிட்டே வந்தது, எல்லாம் லா. மருந்தியல் எடு, உங்கம்மா பாவம்னு கெஞ்சினாரு."

"பெறகு?"

"பெறகு ஏன் பயோடெக்னு கேட்டாரு. நான் சொன்னேன், அந்த இறால் ஏன் செத்துச்சுன்னு எனக்குத் தெரியணும் சார்னு. நீங்க ரெண்டு பேரும் வருஷா வருஷம் சண்ட போடுறீங்க, யாருக்குமே தெரியல. எனக்குத் தெரியணும்."

நான் வண்டியைச் சாலையோரம் நிறுத்தினேன். தீபாவளிக்குத் தீபாவளி இவள் எங்கள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது இதற்குத்தானா?

"சார் கண்ண தொடச்சுக்கிட்டாரு மா. 'உங்கம்மாகிட்ட நான் பொய் சொல்லிக்கிறேன், திட்டு எனக்கு வரட்டும், நீ போய்ப் படி'ன்னாரு."

எனக்கும் அவருக்கும் கிடைக்காமல் போன ஒன்று அவளிடம் இருந்திருக்கிறது. எங்களுக்கு அந்தப் படிப்பு மிச்சம் மீதியாக வந்தது. அவள் அதை வேண்டும் என்று கேட்டு வாங்கினாள். இது எனக்குப் புரிகிறது. புரிந்தால் கோபம் போய்விடும் என்று யார் சொன்னது? என் மகளின் எதிர்காலத்தை என் முதுகுக்குப் பின்னால் இருவரும் சேர்ந்து முடிவு செய்தார்கள். வேலை இல்லாமல் அவள் வந்து நிற்கும்போது பதில் சொல்ல அவர் இருக்க மாட்டார். நான்தான் இருப்பேன்.

இடத்தை ஏற்றுக்கொள்வதாக அவள் பதில் அனுப்பியபோது பக்கத்தில்தான் இருந்தேன். தடுக்கவில்லை. வாழ்த்தவும் இல்லை. இப்போது விடுதியில் இருக்கிறாள்.

அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்த ஒரு பொய்தான். அத்தனை வருடம் என்னிடம் உண்மையை மட்டுமே பேசியவர் சொன்ன பொய் என்பதால் அதைத் தூக்கிப் போடவும் முடியவில்லை. ஒரு நாள் தர்ஷினி வந்து, "தண்ணிதான் மா, நீங்க சொன்னதுதான் சரி" என்று சொல்லட்டும், அவரை மன்னிப்பதைப் பற்றி அன்றைக்கு யோசிக்கிறேன். கிருமி என்று மட்டும் சொல்லிவிட்டாளானால் அதுவும் கிடையாது.