தவக்காலம் முடியட்டும்

சாம்பல் புதனுக்கு முந்தைய நாள் காலை பத்தேகால் மணிக்கு அப்பாவுக்குப் போன் வந்தது. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் கேரள லாரிக்கு முருங்கைக்காய் எடை போட்டுக்கொண்டிருந்தார். பங்குக் கோயில் மருத்துவ முகாமில் அவர் திங்கட்கிழமை கொடுத்த மலத்தில் ரத்தம் தெரிகிறது, குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்க வியாழக்கிழமை வாருங்கள் என்றார் செவிலியர் பிரிஸ்கில்லா.

அப்பா ஸ்தனிஸ்லாஸ் முப்பத்தொரு வருடம் எடை போட்டவர். மூட்டையைத் தொட்டுப் பார்த்தே கிலோ சொல்வார். அன்று மதியமே திண்டுக்கல் வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தார்.

"ரத்தம்னா அதுதானத்தா?" என்று என்னைக் கேட்டார்.

நான் எம்.எஸ்ஸி. படித்தவள். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் சொன்னேன்: "ஞாயித்துக்கிழமை அம்புட்டு ரத்தப் பொரியல் சாப்ட்டீங்களேப்பா, அதுவா இருக்கும்."

அவருக்கு உயிர் வந்தது. உடனே பிரிஸ்கில்லாவைக் கூப்பிட்டுக் கேட்டார். இந்தச் சோதனை மனித ரத்தத்தை மட்டுமே காட்டும் என்றார் அவர்.

"கேட்டியா லூர்து," என்றார் அம்மாவிடம், "ஆட்டையும் என்னையும் பிரிச்சுப் பார்க்குமாம். கட்டிக்கிட்ட உன்னாலயே முடியல."

மூவரும் சிரித்தோம்.

வியாழக்கிழமை அவர் போகவில்லை. தவக்காலம் முழுக்க எங்கள் வீட்டில் கறி கிடையாது. அது முடியட்டும், உடம்பு சுத்தமான பிறகு மறுபடி கொடுக்கலாம் என்றார். பிரிஸ்கில்லா எவ்வளவோ சொல்லியும் கேட்காமல் மலம் கொடுக்க இன்னொரு குப்பி வாங்கி வந்தார். நான் தடுக்கவில்லை.

தினமும் விடியற்காலையில் கழிவறைக் கதவின் கீழே டார்ச் வெளிச்சம் தெரியும். நெடுநேரம் கழித்து வெளியே வருவார். மார்க்கெட்டில் ஆள் இல்லாத நேரம் பார்த்துத் தராசில் ஏறி நிற்பாராம்.

"என்னண்ணே, சரக்கு தினமும் குறையுது?" என்று லோடுமேன் சடையாண்டி கேலி செய்திருக்கிறார்.

"ஒருசந்தி இருக்கேன்டா, குறையாம?"

ஒருவேளை உண்டு ஒருசந்தி இருந்தது வெள்ளிக்கிழமைகளில் மட்டும். குறைந்தது ஏழு கிலோ.

பெரிய வெள்ளியன்று சிலுவைப்பாதையில், பதினோராம் ஸ்தலத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். மதுரையில் வயிற்றைத் திறந்து பார்த்தவர்கள், ஈரல்வரை பரவிவிட்டது என்று சொல்லி மூடிவிட்டார்கள்.

"நாப்பது நாளைக்கு முன்னாடி வந்திருந்தா?" என்று டாக்டரிடம் கேட்டேன்.

"இனிமே அதைக் கேட்டு என்னம்மா செய்யப்போறீங்க" என்றார்.

ஆனியில் அப்பா இறந்தார்.

அந்தக் குப்பி பீரோவின் மேல் இருக்கிறது. ஒட்டியிருக்கும் தாளில் பெயரையும் வயதையும் எடைச்சீட்டு எழுதும் அதே சாய்ந்த எழுத்தில் எழுதியிருக்கிறார். தேதி எழுதவில்லை.