மாமா காத்திருந்த வேப்பமரத்தடி

கத்தரிப்பூ நிறத்தில் ஓர் ஒயர் கூடை. அதற்குள் மடித்து வைத்த பழைய வேட்டித் துணிகள், சின்ன பிளாஸ்க்கில் வெந்நீர், ஒரு கிலுகிலுப்பை, இரண்டு பேருக்கான சோற்றுத் தூக்கு. என் மாமனாரை நினைத்தால், அந்தக் கூடையை இடது முழங்கையில் மாட்டிக்கொண்டு, வலது தோளில் என் மகளைச் சாய்த்தபடி அவர் சிவகங்கை பஸ்ஸில் ஏறும் காட்சிதான் முதலில் வருகிறது. அப்போது அவர் அறுபதைக் கடந்திருந்தார். என் மகளுக்கு ஐந்து மாதம்.

காரைக்குடிக்கும் கல்லலுக்கும் நடுவில் எங்கள் ஊர். மாமா கீரை விவசாயி. வீட்டுக்குப் பின்னாலிருந்த கிணற்றடி நிலத்தில் அரைக்கீரையும் சிறுகீரையும் தண்டுக்கீரையும் போட்டிருந்தார். விடிவதற்குள் பறித்து, கட்டுகளாகக் கட்டி, சைக்கிளில் காரைக்குடிக் கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போடுவார். நான் கல்யாணமாகி வருவதற்கு முன்பே மாமியார் இறந்துவிட்டார். என் கணவருக்கு லாரி ஓட்டும் வேலை. பதினைந்து நாளுக்கு ஒருமுறை வந்தால் அதிகம். வீட்டில் மாமாவும் நானும்தான்.

நான் பட்டப் படிப்பை முடித்துவிட்டு வந்தவள். பி.எட். படிக்க வேண்டும் என்ற ஆசையை ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னேன். மறுவாரமே விண்ணப்பம் வாங்கிவந்து கையில் கொடுத்தார். சிவகங்கையில் இடம் கிடைத்தபோது குழந்தை பிறந்திருந்தாள். புட்டிப்பாலை நாக்கால் தள்ளித் துப்பினாள். என் அம்மா வந்து, “பச்சப்பிள்ளைய விட்டுட்டு எங்குட்டுப் போறது? அடுத்த வருசம் பாத்துக்குவோம்” என்றாள். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. மாமா கீரைக்கட்டுக்கு நார் கிழித்துக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தாமலேயே சொன்னார்.

“அடுத்த வருசம்னு சொன்ன பொம்பளைக யாரும் திரும்பப் படிக்கப் போயி நான் பாத்ததில்ல. பிள்ளைய நான் கூடவே தூக்கியாரேன். மத்தியானம் வெளிய வந்து நீ பால் குடுத்துட்டுப் போ தாயி.”

அப்படித்தான் தொடங்கியது. காலையில் கீரையைக் கடைகளில் போட்டுவிட்டு வந்து, குளித்து, துவைத்த வேட்டி கட்டி, எனக்கு முன்னால் பஸ் நிறுத்தத்தில் நிற்பார். கல்லூரி வாசலுக்கு எதிரே ஒரு வேப்பமரம், அதைச் சுற்றி சிமெண்டு மேடை, பக்கத்தில் ஓர் அக்காவின் டீக்கடை. நான் உள்ளே போன பிறகு அந்த மேடைதான் அவர்களுக்கு வீடு. மதிய மணி அடித்ததும் ஓடிவருவேன். டீக்கடையின் பின்னறையில் உட்கார்ந்து பால் கொடுப்பேன். அவ்வளவு நேரமும் மாமா கடைக்கு முன்னால், சாலையைப் பார்த்து, கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். யாராவது டீக்கு வந்தால், “செத்த பொறுங்க, உள்ள பிள்ள பசியாறுது” என்று நிறுத்திவிடுவார்.

ஊரில் சிரித்தார்கள். “என்ன பெரியவரே, மருமக படிக்கப் போறாக, நீங்க ஆயா வேலைக்குப் போறீகளாக்கும்?” என்று பஸ்ஸில் ஒருவர் கேட்டார். “ஆமப்பா, நல்ல வேலை. உக்காந்தே பாக்கலாம்” என்றார் மாமா. அவர் குரலில் கோபமே இல்லை. எனக்குத்தான் காது சுட்டது.

குழந்தைக்குப் பத்து மாதம் இருக்கும்போது அது நடந்தது. மதியம் வெளியே வந்தபோது டீக்கடை அக்கா குழந்தையை மடியில் வைத்திருந்தார். புருவத்துக்கு மேல் பஞ்சு ஒட்டியிருந்தது, சட்டையில் ரத்தம். மாமா பக்கத்தில் நின்றார். “கண் அசந்துட்டேன் தாயி. மேடையில தவந்து போயி விழுந்துருச்சு” என்றார். விடிவதற்கு முன்பே எழுந்து வேலை செய்த மனிதர், மத்தியான வெயிலில் நிழலில் உட்கார்ந்தால் கண் அசராதா? இன்று தோன்றுகிறது. அன்று தோன்றவில்லை. கூடப் படிக்கும் பெண்கள், டீக்கடைக்கு வந்தவர்கள் எல்லோரும் பார்க்க, “பெத்த வயிறா இருந்தா தூக்கம் வருமா உங்களுக்கு?” என்று கத்தினேன்.

காயம் சின்னதுதான். தையல்கூடப் போடவில்லை. ஆனால் திரும்பி வரும்போது பஸ்ஸில் குழந்தையை அவரிடம் கொடுக்காமல் நானே வைத்துக்கொண்டேன். அவர் கூடையை மட்டும் மடியில் வைத்து, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தார்.

மறுநாள் வரமாட்டார் என்று நினைத்தேன். வழக்கம்போல எனக்கு முன்னால் நிறுத்தத்தில் நின்றார். குழந்தை அவரைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டித் தாவினாள். நான் கொடுத்தேன், அவர் வாங்கிக்கொண்டார். ஆனால் அதற்குப் பிறகு அவர் விடியலில் கீரை பறிக்கவில்லை. மாலையில் ஊர் திரும்பியதும் இருட்டுவதற்குள் பறித்து, ஈரச் சாக்கில் சுற்றி வைத்தார். காலைக்குள் இலை தளர்ந்துவிடும். “என்னண்ணே, உங்க கீரை முந்தி மாதிரி இல்லையே” என்று கடைக்காரர்கள் குறைப்பட்டார்கள். காலையில் கூடுதலாகக் கொஞ்ச நேரம் தூங்கி எழுந்தால், பகலில் கண் அசராது. அதற்காகத்தான் அந்த ஏற்பாடு. எனக்கு அது புரிந்தது. புரிந்தும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தினமும் நினைப்பேன். சோறு போடும்போது கேட்கலாம், பஸ்ஸில் கேட்கலாம் என்று தள்ளித் தள்ளிப் படிப்பும் முடிந்தது. வேலை கிடைத்தது. பக்கத்து ஊர்ப் பள்ளியில் நான் கணக்கு டீச்சரானேன். ‘டீச்சர் வீடு’ என்று எங்கள் வீட்டுக்குப் பெயர் வந்ததில் என்னைவிட அவருக்குத்தான் பெருமை.

வருடங்கள் போயின. மகள் கல்லூரிக்கு மதுரை போனாள். மாமாவுக்கு ஒரு பக்கம் கை கால் இழுத்துக்கொண்டது. பேச்சு மட்டும் தெளிவாக இருந்தது. காலையில் நான் பள்ளிக்குக் கிளம்பும் முன் அவருக்கு இட்லியைப் பிட்டு ஊட்டுவேன். அப்படி ஒரு காலையில், எந்த முன்யோசனையும் இல்லாமல், கேட்டுவிட்டேன்.

“மாமா, சிவகங்கையில ஒருநா உங்கள எல்லாரு முன்னாலயும் வஞ்சேனே. நெனவிருக்கா? நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.”

வாயிலிருந்ததை மெதுவாக மென்று விழுங்கினார். “நெனவில்லாம இருக்குமா?” என்றார். “நீ வஞ்சது சரிதான தாயி. நீ மட்டும் அன்னைக்குப் போனாப் போகுதுன்னு விட்டிருந்தா, நான் இன்னொரு நா தூங்கியிருப்பேன். பிள்ள ரோட்டுப் பக்கம் தவந்திருக்கும்.”

நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். அவர் நன்றாக இருந்த கையால் என் முழங்கையைத் தட்டி, “மணி என்னாச்சு? பிள்ளைக காத்துக் கெடக்கும், கெளம்பு” என்றார். தலைமை ஆசிரியருக்கு போன் செய்து அன்று விடுப்புச் சொன்னேன். “என்னத்துக்கு வெட்டியா லீவு?” என்று மாமா மதியம் வரைக்கும் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். நான் அரைக்கீரை கடைந்து, சூடான சோற்றில் பிசைந்து கொண்டுவந்தேன். அதைச் சாப்பிட்டுவிட்டு, பட்டப்பகலில், நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, அவர் நிம்மதியாகக் கண் அசந்தார். சாயங்காலம் வரை நான் எழுப்பவில்லை.