லாட்டு நம்பர் போட்ட கேள்விகள்

எண்பதுகளின் கடைசியில் போடிநாயக்கனூரில் ஓர் ஏலக்காய்க் கடையின் கம்ப்யூட்டருக்கு நான்தான் புரோகிராம் எழுதினேன். கண்ணாடித் தடுப்புப் போட்ட அறை, ஏசி, மூடி வைக்க வெல்வெட் துணி எல்லாம் அந்த மிஷினுக்கு. உள்ளே வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வர வேண்டும். வெள்ளிக்கிழமை தோறும் முதலாளி அதற்குச் சந்தனம் வைத்துக் கும்பிடுவார். திரும்பி என்னைப் பார்த்ததும் முகம் கடுகடுவென்று ஆகிவிடும். காரணம் எனக்குத் தெரியும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மூட்டைகள் அடுக்கிய கிட்டங்கி. அங்கே தரையில் வரிசையாக உட்கார்ந்து நல்ல காயையும் வெடித்த காயையும் பிரித்துப் போடும் பெண்களில் ஒருத்தி என் அம்மா. காலேஜில் கணக்குப் படித்துவிட்டு மதுரைக்குப் போய்க் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு வந்ததே அந்த வரிசையில் உட்காராமல் தப்பிக்கத்தான். முதலாளி என்னை வேலைக்கு வைத்தது தர்ம சிந்தனையால் அல்ல, மதுரைக்காரர்களைவிட மலிவாகக் கிடைத்தேன் என்பதால்.

என் புரோகிராமுக்கு ஒரு சீக்கு இருந்தது. காய் கொஞ்சமாக வரும் நாட்களில் ஒழுங்காக ஓடும். மலையிலிருந்து ஜீப்பு ஜீப்பாக இறங்கும் நாளில் பாதி எடையை மிஷினில் ஏற்றியதும் அப்படியே நின்றுவிடும். முந்தின சீசனில் ஒருநாள் நின்றதில், அதுவரை ஏற்றிய எடையெல்லாம் போய்விட்டது. தோட்டக்காரர்கள் கடை வாசலில் நின்று கத்தினார்கள். அவர்கள் போனபிறகு முதலாளி தன் பங்குக்குக் கத்தினார்.

"இந்தா பாரு புள்ள. அடுத்த சீசன்லயும் இது நின்னுச்சுன்னா மதுரைல இருந்து ஆளைக் கொண்டாந்துருவேன். நீ போயி உங்க ஆத்தா பக்கத்துல உக்காந்து காய் பொறுக்கு. சோலிக்கா பஞ்சம்?"

கிட்டங்கியில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது. கேட்க வேண்டும் என்றுதான் சொன்னார். அதோடு விடவில்லை. அம்மாவுக்குப் பக்கத்தில் வேலை பார்த்த பெண் கல்யாணமாகிப் போனபோது, அந்த இடத்தில் வேறு யாரையும் உட்கார வைக்காதே என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டார். தலையை நிமிர்த்தினால் கண்ணாடி வழியாக அந்தக் காலி இடம்தான் எனக்குத் தெரியும். அந்த ஆளை நான் எவ்வளவு வெறுத்தேன் என்று எழுத இந்தப் பக்கம் போதாது.

சீக்கு எங்கே என்று கேட்கப் போடியில் ஆள் இல்லை. இன்றைக்குப் புரோகிராம் எழுதுகிறவர்கள் இணையத்தில் கூடி ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்கிறார்கள். எங்களுக்கு அது பஸ்சில் ஓடியது. கம்பத்தில் ஒரு வியாபாரியிடம் ஒருவர், தேனி மில்லில் ஒருவர், குமுளியில் ஒரு மலையாளி, போடிமெட்டுக்கு மேலே ஓர் எஸ்டேட் ஆபீசில் கிளார்க்கு ஒருவர் என்று இந்தச் சுற்று வட்டாரத்தில் என்னைப் போல மிஷினோடு மல்லுக்கட்டுகிறவர்களைத் தேடிப் பிடித்தேன். வாரம் ஒருமுறை அவரவர் தங்கள் சந்தேகத்தை ஒரு பிளாப்பியில் ஏற்றி, இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து, கண்டக்டரிடமோ ஜீப்பு டிரைவரிடமோ கொடுத்து அனுப்புவார்கள். நான் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து எல்லோருக்கும் திருப்பி அனுப்புவேன். அடுத்த வாரம் பதில்கள் வரும். மிஷினுக்குத் தமிழ் தெரியாது, ஆகவே தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடிப்போம். அந்த எழுத்தில் வசவுகள் இன்னும் அசிங்கமாகத் தெரியும்.

ஆமாம், வசவுகள். கூட்டம் சேர்த்தேனே தவிர அதை வைத்து மேய்க்க முடியவில்லை. கம்பத்துக்காரர் எங்களில் மூத்தவர், விஷயம் தெரிந்தவர், வாய் மட்டும் சாக்கடை. எஸ்டேட் கிளார்க்கு ஒருமுறை பாவம் போலக் கேட்டிருந்தார்: தேதிவாரியாக அடுக்கினால் போன மார்கழிச் சரக்குக்கு முன்னால் இந்தத் தைச் சரக்கு வந்து நிற்கிறதே, ஏன்? வருஷத்தை முதலில் போடு என்று ஒரு வரியில் முடிகிற பதில். கம்பத்துக்காரர் அந்த ஒரு வரியை எழுதுவதற்கு முன் பத்து வரி திட்டியிருந்தார். "புஸ்தகத்தைப் பிரிச்சுப் பாக்காம எங்க உசுரை ஏன் எடுக்குறே" என்பது அதில் கொஞ்சம் மரியாதையான வரி.

கிளார்க்கு மலையிலிருந்து இறங்கி நேரே கடைக்கே வந்துவிட்டார். என்னைவிட மூத்தவர், மெலிந்த ஆள்.

"தங்கச்சி, இனிமே என் பிளாப்பி வராது. அந்த ஆளு எழுதுனதை எங்க மேனேஜரு படிச்சுட்டாரு. இது கூடத் தெரியாதவனையா வச்சிருக்கோம்னு கேக்குறாரு."

அவர் கண் கலங்கியிருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கம்பத்துக்காரரை வெளியே தள்ளியிருப்பேன். தள்ளினால் பாதிக் கேள்விக்குப் பதில் சொல்ல ஆளில்லை, அதுதான் என் கையைக் கட்டியது.

அந்த வாரம் முதலாளி கணக்கு எழுத என்னை ஏலக்கூடத்துக்கு அழைத்துப் போனார். அங்கே ஒவ்வொரு சரக்கும் லாட்டு நம்பரோடுதான் வரும். யார் தோட்டத்துக் காய் என்று சொல்ல மாட்டார்கள். தட்டில் வரும் மாதிரிக் காயை வியாபாரிகள் அள்ளி, கசக்கி, மோந்து பார்த்துவிட்டுத் தரையில் எறிவார்கள். காலுக்கடியில் காய் நொறுங்கும். எந்தத் தோட்டக்காரருக்கும் அதில் அவமானம் இல்லை, ஏனென்றால் யாருடையது என்று யாருக்கும் தெரியாது. எனக்கு அங்கேயே யோசனை வந்துவிட்டது. மறுவாரம் முதல் எங்கள் பிளாப்பியில் யார் பெயரும் கிடையாது. கேள்விக்கும் நம்பர், பதிலுக்கும் நம்பர். எந்த நம்பர் யார் என்பது சேர்த்து அனுப்பும் எனக்கு மட்டும் தெரியும். கிளார்க்கைக் கெஞ்சித் திரும்பச் சேர்த்தேன்.

முதலில் நன்றாகத்தான் போனது. அதுவரை வெட்கப்பட்டு விழுங்கிய கேள்விகளெல்லாம் வெளியே வந்தன. கம்பத்துக்காரரே, பிரிண்டரில் கடைசிப் பக்கம் ஏன் வெளியே வரமாட்டேன் என்கிறது என்று பச்சைப்பிள்ளை மாதிரி கேட்டிருந்தார். கண்ணாடி அறைக்குள் தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன்.

பிறகு ஆரம்பித்தது. பெயர் போனதும் மரியாதையும் போனது. குமுளிக்காரர் நேரில் பார்த்தால் குனிந்து பேசுவார், நம்பருக்குப் பின்னால் நின்று மில்காரரின் அப்பனை இழுத்தார். மில்காரர் சும்மா இருப்பாரா? கம்பத்துக்காரர் எப்போதும் போலத் திட்டினார், மற்றவர்களோடு பார்க்கும்போது அவர் சாது.

சீசன் நெருங்கிக்கொண்டிருந்தது. நானும் ஒரு நம்பருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு என் சீக்கைக் கேட்டேன். போடிக் கடை என்று தெரிந்துவிடக் கூடாதே என்று காய், சாக்கு, தோட்டம் எதையும் சொல்லவில்லை. சரக்கு அதிகமானால் நிற்கிறது, ஏன் என்று மட்டும் கேட்டேன். கம்பத்துக்காரர், "மொட்டையாக் கேட்டா மொட்டையாத்தான் பதில் வரும், என்ன செய்றேன்னு முழுசாச் சொல்லு" என்று எழுதியிருந்தார். இன்னொரு நம்பரில் இப்படி ஒன்று வந்திருந்தது:

"இத எழுதுனவன் மிஷினை விட்டுட்டுப் பொம்பளைகளோட உக்காந்து காய் பொறுக்கப் போகட்டும்."

எழுதியது எஸ்டேட் கிளார்க்கு. எவருக்காக நம்பர் முறையைக் கொண்டுவந்தேனோ அவரே. நான்தான் கேட்டேன் என்பது அவருக்குத் தெரியாது. தெரியாததால் எனக்குக் கோபம் குறையவில்லை, இரண்டு மடங்காயிற்று. கண்ணாடிக்கு அப்பால் அம்மா முறத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அந்தக் காலி இடம்.

எஸ்டேட் லோடு இறங்கும் நாளில் கிளார்க்கு வந்தார். உள்ளே கூப்பிட்டு நாற்காலியில் உட்கார வைத்தேன். திரையில் அந்த வரியைக் கொண்டுவந்து நிறுத்தினேன்.

"இது உங்களுதுதானே அண்ணே?"

"விளையாட்டுக்கு எழுதுனது தங்கச்சி. பேரு இல்லாதப்ப நாமளும் ஒரு ஆளுன்னு தோணுச்சு."

"கேட்டது நான். அந்தா காய் பொறுக்குறது எங்க அம்மா."

அவர் கண்ணாடிப் பக்கம் திரும்பவே இல்லை. "அழிச்சிரு தாயி" என்றார்.

"அழிக்க மாட்டேன். அடியில உங்க பேரை நீங்களே அடிங்க."

அடித்தார். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தார். எனக்குக் கொஞ்சமும் இரக்கம் வரவில்லை. வந்திருந்தால் இங்கே சொல்லியிருப்பேன்.

அவர் எழுந்து போனபிறகுதான் என் முட்டாள்தனம் உறைத்தது. ஏலக்கூடத்தில் லாட்டுக்குத்தான் பெயர் கிடையாது. விலை கேட்கிறவன் எல்லோர் முன்னாலும் கேட்க வேண்டும், யார் எடுத்தார் என்று அவன் பெயரைக் கூவித்தான் முடிப்பார்கள். நான் அந்த வழக்கத்தில் பாதியை மட்டும் தூக்கி வந்திருந்தேன். அன்றே சட்டத்தை மாற்றினேன். கேட்கிறவர் விரும்பினால் நம்பரோடு கேட்கலாம். பதில் சொல்கிறவர் பெயரைப் போட்டுத்தான் சொல்ல வேண்டும், திட்டானாலும் சரி.

அந்தப் பிளாப்பியிலேயே என் கேள்வியைத் திரும்ப எழுதினேன், இந்தத் தடவை முழுசாக. கேட்பது போடியில் காய் பொறுக்குகிறவளின் மகள் என்று முதல் வரியிலேயே போட்டேன். எங்கள் கிட்டங்கியில் தோட்டத்துக்கு ஒரு சாக்கு. சாயங்காலம்வரை எந்தச் சாக்கின் வாயையும் கட்ட மாட்டோம், இரண்டாவது ஜீப்பில் அதே தோட்டத்துக் காய் மறுபடி வரும். நானும் தோட்டத்துக்கு ஒரு பைல் வைத்திருக்கிறேன், எடை ஏற்றுகிறேன், கடைசியில் பில் போடுகிறேன். நடுவில் நின்றுவிடுகிறது.

கம்பத்திலிருந்து பெயரோடு பதில் வந்தது.

"இதைத்தானே நான் அன்னைக்கே கேட்டேன், அறிவுகெட்டவளே. சாக்கு மாதிரி பைலையும் வாயைத் தொறந்தே போட்டு வச்சிருக்கே. கிட்டங்கியில எத்தனை சாக்கு வேணும்னாலும் தொறந்து கிடக்கும், மிஷின் கொஞ்சம் பைலுக்கு மேல தாங்காது. ஒரு எடை ஏத்துனதும் அந்தப் பைலை மூடு. ரெண்டாவது ஜீப்பு வந்தா மறுபடி தொற. இனிமே இப்படிக் கேட்டு மானத்தை வாங்காதே."

பல்லைக் கடித்துக்கொண்டு படித்தேன். அவர் சொன்னதுதான் சரி. பிறந்ததிலிருந்து பார்த்த கிட்டங்கியை அப்படியே மிஷினுக்குள் இறக்கியிருக்கிறேன். மதுரைக்காரன் எவனும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான், கிட்டங்கியே பார்த்திராதவன் அவன். திருத்திவிட்டு நன்றி என்று எழுதி அனுப்பினேன். "நன்றி எல்லாம் பிளாப்பியில இடத்தை அடைக்குது" என்று பதில் வந்தது. கிளார்க்கின் பிளாப்பியும் வந்தது. மில்காரரின் ஒரு கேள்விக்குக் கீழே, "எனக்குத் தெரியவில்லை" என்று எழுதி அடியில் தன் பெயரைப் போட்டிருந்தார்.

சீசனில் காய் குவிந்த நாள் ஒன்று வந்தது. குரங்கணிப் பக்கத்து மூட்டை ஒரு பக்கம், மெட்டுக்கு மேலேயிருந்து வந்த ஜீப்புகள் ஒரு பக்கம் என்று வாசல் அடைத்துவிட்டது. முதலாளி சந்தனக் கையோடு என் முதுகுக்குப் பின்னாலேயே நின்றார். மிஷின் நிற்கவில்லை. கடைசி பில்லும் பிரிண்டரிலிருந்து இறங்கியது. அவர் அதைக் கிழித்தெடுத்து வாசலில் நின்ற தோட்டக்காரர்களிடம் ஆட்டிக் காட்டினார்.

"பாத்தீகளா, நம்ம புள்ள எழுதுனது!"

நம்ம புள்ளையாம். அந்த 'நம்ம' என்ற சொல் இன்றைக்கும் என் காதில் எரிகிறது. எழுந்து நின்று, கிட்டங்கி முழுக்கக் கேட்கும்படி கேட்டேன்.

"ஆத்தா பக்கத்துல உக்காந்து காய் பொறுக்குன்னீகளே மொதலாளி, போயி உக்காரட்டுமா?"

முறங்கள் எல்லாம் நின்றன. முதலாளி பில்லையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாதான் உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்: "வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாருடி." அவள் மேலும் எனக்குக் கோபம் வந்தது.

மறுநாள் காலை நான் வந்தபோது, அம்மாவுக்குப் பக்கத்தில் சிலமலைப் பெண் ஒருத்தி புதிதாக உட்கார்ந்து காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.