ஐஸ் பெட்டியும் ஒரு டப்பா கல் உப்பும்

போன செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு எங்கள் தெரு டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தது. திருவிடந்தையில் கத்திரி வெயில். கரெண்ட் சாயங்காலம்தான் வரும் என்றார்கள். என் கவலை ஃபேன் இல்லை... ஃபிரிட்ஜில் இருந்த இன்சுலின் குப்பி. என் மனைவி சுமதி மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் போட்டுக்கொள்ள வேண்டியது. கையிருப்பில் அது ஒன்றுதான்.

பக்கத்து வீட்டு அமலி மீன் விற்பவர். விஷயம் தெரிந்ததும் தெர்மாகோல் பெட்டியில் ஐஸைக் கொட்டி, குப்பியைத் துணியில் சுற்றி டிபன் டப்பாவுக்குள் வைத்து, டப்பாவை ஐஸ் மேல் உட்கார வைத்தார்.

"சும்மா சும்மா தொறக்காத சார். மத்யானம் வரைக்கும் ஒண்ணும் ஆவாது" என்று சொல்லிவிட்டு வியாபாரத்துக்குப் போனார்.

திறக்காமல் இருக்க முடியுமா? பி.எஸ்ஸி. இயற்பியல் படித்தவனாயிற்றே!

பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை திறந்தேன். ஒவ்வொரு தடவையும் அனல் காற்று உள்ளே போனது. பதினொன்றரைக்குப் பெட்டியில் பாதி தண்ணீர். கூடையோடு திரும்பி வந்த அமலியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"தண்ணியானா இன்னா சார்? துண்டு ஐஸ் கீற வரைக்கும் அதே ஜில்லுதான். எதுக்கு இப்டி பேஜார் பண்ணிகினு கீற?"

அப்படியே பாடப்புத்தகம். வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு. உருகும் ஐஸ் வெப்பத்தை வாங்கிக்கொண்டே இருக்கும். கடைசித் துண்டு கரையும்வரை வெப்பநிலை மட்டும் பூஜ்யத்தை விட்டு ஏறாது. இதைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன் நான். பதற்றம் வந்தால் படிப்பு எங்கே நிற்கிறது?

ஐஸில் உப்பு போட்டால் இன்னும் குளிரும் — அது மட்டும் கரெக்டாக ஞாபகம் வந்தது. கோவளம் உப்பளத்துக் கல் உப்பு சமையலறையில் ஒரு டப்பா இருந்தது. அவ்வளவையும் கொட்டினேன். போதாததற்குத் துணியை உருவி, குப்பியை நேராக ஐஸுக்குள் செருகினேன்.

உப்பு என்ன செய்யும் தெரியுமா? குளிரைக் கொண்டுவராது. ஐஸை அவசரமாக உருக வைக்கும். உருகத் தேவையான வெப்பத்தை ஐஸ் அக்கம்பக்கத்திலிருந்து பிடுங்கும். வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே சரியும். அக்கம்பக்கத்தில் இருந்ததோ சுமதியின் மருந்து.

ஒரு மணிக்கு எடுத்தால் குப்பி கல்லாக உறைந்திருந்தது.

உள்ளங்கையில் பொத்தி உருக்கினேன். பழையபடி தெளிவாகத்தான் இருந்தது. அப்பாடா... இருந்தாலும் மருந்துக் கடைக்காரருக்கு போன் போட்டேன்.

"உறைஞ்சிடுச்சா? தூக்கிப் போட்டுடுங்க சார். பாக்கத்தான் மருந்து, உள்ள வேலை செய்யாது."

என்ட்ரோபி என்று படித்தோமே... இதுதான். கலந்த உப்பும் தண்ணீரும் தானாகப் பிரியாது. கெட்ட மருந்தும் பழைய நிலைக்கு வராது. சில காரியங்கள் ஒரு பக்கம்தான் போகும்.

புதுக் குப்பி வாங்க ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு திருப்போரூருக்குப் பறந்தேன். சுமதி பசி தாங்க மாட்டாள். வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டு போனேன். திரும்பி வரும்போது மணி இரண்டரை. தட்டை மூடி வைத்துவிட்டு, வெளிறிய முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நான் உப்புக் கதையைச் சொல்லச் சொல்ல ஊசியைப் போட்டுக்கொண்டாள். தட்டை இழுத்து முதல் கவளம் எடுக்கும்போதுதான் சொன்னாள்:

"மருந்தை வெயில் ஒண்ணும் பண்ணலைங்க. உங்க அக்கறைதான் பண்ணிச்சு."