விறகு அடைத்த வேலி

போன செவ்வாய்க்கிழமை என் வீட்டு வேலியை நானே பிரித்து அடுப்பில் போட்டேன். கோபத்தில் இல்லை. குளிரில்.

முதலிலிருந்து சொன்னால்தான் புரியும்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் ஜாதகம் தெரியும். பெரம்பூரில் பிறந்தவள். ஆஸ்டினில் ஒரு சிப் கம்பெனியில் டெஸ்டிங் வேலை பார்த்தவள். கல்யாணம் என்ற ஒன்றைப் பண்ணிக்கொள்ளாமலே ரிட்டயர் ஆகி, ஊருக்கு வெளியே ஒரு ஏக்கர் நிலமும் ஒரு சின்ன வீடும் வாங்கிக் குடியேறியவள். புதிதாக வந்தவர்களுக்கு: ஆமாம், தனியாகத்தான். இல்லை, பயமாக இல்லை. பார்ட்டிகளில் பதில் சொல்லிச் சொல்லி மனப்பாடமே ஆகிவிட்டது. 'போர் அடிக்காதா?' என்று சிலர் கேட்பார்கள். அதற்கு மட்டும் சிரித்து வைப்பேன்.

இதற்கு முந்தைய குளிர்காலத்தில் இங்கே ஒரு ஐஸ் மழை. டெக்சாஸில் பனி விழுந்தால் போட்டோ எடுக்கலாம். மழை விழுந்து அப்படியே உறைந்தால் ஆபத்து. என் பின்பக்கத்து ஓக் மரம் ஒவ்வோர் இலைக்கும் கண்ணாடி மாட்டிக்கொண்டு ஜொலித்தது. நான் காபியும் கையுமாக ரசித்துக்கொண்டிருக்கும்போதே பாரம் தாங்காமல் படீரென்று பிளந்து பின்வேலியின் மேல் சாய்ந்தது. வேலியின் மரக் கம்பங்கள் ஏற்கெனவே உளுத்துப்போனவை. ஒன்று விழ, அடுத்தது விழ... என் நிலமும் பின்வீட்டு நிலமும் ஒன்றாகிவிட்டன.

பின்வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று அதுவரை எனக்குத் தெரியாது. அவர்கள் வாசல் வேறு சாலையில். காரில் போவதென்றால் பெரிய சுற்று. நடுவில் அடர்த்தியாக ஜூனிப்பர் மரங்கள் வேறு.

வெயில் வந்ததும் என் கறிவேப்பிலைத் தொட்டியை வெளியே எடுத்து வைத்தேன். குளிர் முழுக்க வீட்டுக்குள் வைத்துக் காப்பாற்றிய செடி. சற்று நேரத்தில் எட்டிப் பார்த்தால் ஒரு ஆடு அதற்குள் முகம் புதைத்து நிம்மதியாக மென்றுகொண்டிருந்தது! பின்னாலேயே ஒரு இளம்பெண் ஓடி வந்தாள். என்னைப் பார்த்து, "ஸோ ஸாரி மேம், ஸோ ஸாரி" என்றாள். அப்புறம் ஆட்டின் காதைப் பிடித்துத் திருகி, குரலைத் தாழ்த்தி, "ஏ சைத்தானே, ஒனக்கு மேய வேற எடமே கெடைக்கலியா?" என்றாள்.

"நீங்க தமிழா?" என்றேன்.

அவள் ஆட்டை விட்டுவிட்டாள். ஆடு மிச்சத்தையும் முடித்தது.

பெயர் சபீனா. ஊர் மேலப்பாளையம். கணவர் அன்வர், ஹைவேயில் கேஸ் ஸ்டேஷன், அதாவது நம்மூர் பெட்ரோல் பங்க், நடத்துகிறார். ஆடு வளர்ப்பது அவருடைய ஆசை. மேய்ப்பது சபீனாவின் தலையெழுத்து. இரண்டாவது படிக்கும் ஒரு பெண், அமீனா. நாம் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்லும் ரகம்.

அதன் பிறகு ஆடுகள் தினமும் வந்தன. ஆடுகளைத் தேடிக்கொண்டு சபீனா வந்தாள். "ஒரு நிமிசம்தான்க்கா, அடுப்புல சோறு இருக்கு" என்று சொல்லிக்கொண்டே உட்காருவாள். டீ குடிப்பாள். சோறு என்ன ஆனதென்று இருவருமே கேட்டுக்கொண்டதில்லை.

எல்லாம் நன்றாகத்தானே போய்க்கொண்டிருந்தது? ஆனால் எனக்கு ஒரு வியாதி உண்டு. உடைந்த பொருள் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால் தூக்கம் வராது. அன்வர் வேறு பார்க்கும்போதெல்லாம், "அக்கா, ஆடு ரொம்பத் தொந்தரவு பண்ணுதுல்ல? வேலிக்கு என்ன செய்யன்னு பாப்போம்" என்று கூச்சப்பட்டுக்கொண்டிருந்தார்.

நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

குழி தோண்டும் மெஷினை வாடகைக்கு எடுத்து வந்தேன். இங்கே ஒரு சாண் மண்ணுக்குக் கீழே முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. மெஷின் என்னைத் தூக்கிப் போட்டதே தவிர, பாறையில் ஒரு கீறல்கூட விழவில்லை. கம்பம் நட வழியில்லை. என்ன செய்வது?

விடை ஹைவேயில் கிடைத்தது. ஒரு பண்ணையின் ஓரமாக, ஆள் மார்பு உயரத்துக்கு வட்டமான கம்பிக் கூண்டுகள். உள்ளே விளிம்பு வரை கல். அவற்றில் இழுத்துக் கட்டிய வேலி. காரை ஓரம் கட்டி இறங்கிப் பார்த்தேன். தரையில் ஒரு குழிகூட இல்லை! கூண்டின் கனமே கம்பம். அட, இவ்வளவுதானா?

கால்நடைப் பட்டிகளுக்கு விற்கும் கெட்டியான கம்பி வலையை வாங்கினேன். வெட்டி, வளைத்து, இரண்டு முனைகளையும் கம்பியால் முறுக்கிக் கட்டினால் கூண்டு தயார். மூலைக் கூண்டுகளில் கல்லை நிரப்பினேன். கல்லுக்கு என் நிலத்தில் பஞ்சமே இல்லை. நடுக் கூண்டுகளுக்கு? விழுந்த ஓக் மரத்தைத் துண்டு போட்ட விறகு மலை மாதிரி குவிந்து கிடந்தது. அதை நெருக்கமாக அடுக்கினேன். கூண்டுக்குக் கூண்டு அதே வலையை இழுத்துக் கட்டினேன். நாலா பக்கமும் கம்பி வலை என்பதால் காற்று உள்ளே புகுந்து வரும், விறகு பூசணம் பிடிக்காமல் காயும். வேலிக்கு வேலி, விறகுக்கு விறகு. தனி ஆளாக, கையெல்லாம் கம்பி கிழித்து, முதுகுக்கு மருந்து தடவிக்கொண்டு, கோடை ஆரம்பிக்கும்போது முடித்தேன்.

அன்வர் வந்து தோளால் முட்டிப் பார்த்தார். "யான வந்தாலும் அசையாதுக்கா!" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் காலை யாரும் வரவில்லை.

அதற்கு மறுநாளும். ஆடுகள் அந்தப் பக்கமே இருந்துவிட்டன. பிறகு சபீனா எதற்கு வருவாள்? பழக்க தோஷத்தில் இரண்டு பேருக்கு டீ போட்டுவிட்டு, இரண்டையும் நானே குடித்தேன். ஜூனிப்பர் மரங்களுக்குப் பின்னால் ஆட்டு மணி கேட்கும். அமீனா எதற்கோ கலகலவென்று சிரிப்பாள். எதற்குச் சிரிக்கிறாள் என்று தெரியாமலே ஜன்னல் ஓரம் நான் நின்றுகொண்டிருப்பேன்.

சில நாட்கள் என் குரலை நானே கேட்டிருக்க மாட்டேன். ஒருமுறை நியூ ஜெர்சியிலிருந்து தம்பி போன் பண்ணினான். 'ஹலோ' சொல்ல வாயைத் திறந்தால் தொண்டை கட்டியிருந்தது. "ஜலதோஷமா?" என்றான். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்வது?

நீங்களே போய்ப் பார்த்திருக்கலாமே என்பீர்கள். போயிருக்கலாம்தான். என்ன சாக்கு சொல்லிப் போவது? ஆடு காணோம் என்றால் தேடிக்கொண்டு வரலாம். ஆள் வரவில்லை என்றால்...? காரை எடுத்து அவர்கள் சாலை வரைக்கும் போய்விட்டு, அப்படியே மளிகைக் கடைக்குத் திருப்பியிருக்கிறேன். தேவையில்லாத துவரம்பருப்பு இன்னும் வீட்டில் இருக்கிறது.

டெஸ்டிங்கில் ஒரு குறை உண்டு. ஒரு பொருள் கொடுத்த வேலையை ஒழுங்காகச் செய்தால் பாஸ். அந்த வேலையை அதற்குக் கொடுத்திருக்கத்தான் வேண்டுமா என்று எங்களிடம் யாரும் கேட்க மாட்டார்கள். என் வேலி பாஸ். அமோகமாகப் பாஸ்.

இப்படியே கோடை போனது. இலையுதிர்காலம் போனது. அப்புறம்தான் போன வாரத்து ஐஸ் மழை.

திங்கட்கிழமை சாயங்காலமே கரண்ட் போய்விட்டது. சாலையெல்லாம் கண்ணாடி. என் வீட்டில் ஃபயர்பிளேஸ் இருக்கிறது, விறகு இருக்கிறது, போர்வை இருக்கிறது. செவ்வாய்க்கிழமை காலை நெருப்பின் முன்னால் சுகமாக உட்கார்ந்திருந்தபோது பின்பக்கத்திலிருந்து ஒரு குரல்.

"அக்கா...! அக்கா...!"

கோட்டை மாட்டிக்கொண்டு வழுக்கி வழுக்கி ஓடினேன். வேலிக்கு அந்தப் பக்கம் அன்வர். உதடு நீலம் பாரித்திருந்தது.

"அக்கா, கூண்டுல உள்ள விறகுல கொஞ்சம் தருவியளா? எங்க வீட்ல எல்லாமே கரண்ட்டுதான். ஹீட்டர் இல்ல, அடுப்பு இல்ல. கார எடுத்தேன், வாசலத் தாண்டல, சறுக்கிட்டு. வெளிய கறி சுடுத கிரில்லுல தீ மூட்டி வெந்நியாவது வச்சுக்கிடுதேன். புள்ளைக்கு ஒடம்பெல்லாம் சில்லுன்னு இருக்கு."

"அமீனாவுக்கா?"

"இல்லக்கா. சின்னவனுக்கு."

எனக்குப் புரியவில்லை. "எந்தச் சின்னவன்?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "பையன் பொறந்திருக்கான்க்கா. போன மாசம்."

கூப்பிடு தூரத்தில் ஒரு பெண் கர்ப்பமாகி, வயிறு பெருத்து, பிள்ளை பெற்று வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டாள். எனக்குத் தெரியாது! ஐஸ் காற்று முகத்தில் அடித்தது. அதைவிட இதுதான் வலித்தது.

"விறகெல்லாம் வேணாம். எல்லாரையும் இங்க கூட்டிட்டு வாங்க" என்றேன்.

"எப்படிக்கா? பச்ச ஒடம்புக்காரி, கைல புள்ள. இந்த வேலிய எப்படி ஏறுவா?"

உண்மைதான். யானை வந்தாலும் அசையாதே!

வீட்டுக்குள் ஓடி வயர் கட்டரை எடுத்து வந்தேன். விரல் மரத்துப்போயிருந்தது. ஒரு விறகுக் கூண்டின் கட்டுகளை ஒவ்வொன்றாக வெட்டினேன். கடைசிக் கட்டு அறுந்ததும் கூண்டு வாயைப் பிளந்து, விறகு மொத்தமும் கடகடவென்று என் காலடியில் சரிந்தது. அந்தப் பக்கத்திலிருந்து அன்வர் வலையைப் பிடித்து இழுத்து மடக்கினார். ஆள் நுழையும் அளவுக்கு வழி.

சற்று நேரத்தில் மரங்களுக்கு நடுவே சபீனா வந்தாள். அமீனா அவள் கோட்டைப் பிடித்துக்கொண்டு வந்தாள். மார்போடு அணைத்த போர்வை மூட்டைக்குள் ஒரு மூக்கு மட்டும் தெரிந்தது. சபீனா என்னைப் பார்த்துச் சிரிக்கவும் இல்லை, பேசவும் இல்லை. நேராக வீட்டுக்குள் போய் நெருப்பின் முன்னால் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள்.

நானும் அன்வரும் சரிந்த விறகைச் சுமந்து சுமந்து உள்ளே சேர்த்தோம். ஒரு வருஷம் காற்றில் காய்ந்த ஓக். பற்ற வைத்ததும் நின்று எரிந்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் குழந்தையின் கைகால் சூடேறியது. பெயர் ரயான். பசிக்கு ஒரு கத்து கத்தினான் பாருங்கள்... இந்த வீட்டில் அப்படி ஒரு சத்தம் கேட்டதே இல்லை.

மத்தியானம் அன்வரும் அமீனாவும் நெருப்பின் பக்கத்திலேயே தூங்கிவிட்டார்கள். சபீனாவிடம் கேட்டுவிட்டேன்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா?"

"எப்படிச் சொல்லுவேன்க்கா?" என்றாள். "நீங்க வேலி கட்டுனத ஜன்னல் வழியா பாத்துக்கிட்டுதான இருந்தேன். கல்லத் தூக்கிப் போடுதிய, கம்பிய முறுக்குதிய... எங்க தொந்தரவு தாங்காமத்தான் இம்மாம் பெருசா கட்டுதியன்னு நெனச்சிட்டேன். தனியா இருக்கது பிடிச்சவங்க, நாமதான் போய்ப் போய் உக்காந்துட்டோம்னு வெக்கமாப் போச்சு."

நெருப்பில் இன்னொரு விறகை எடுத்து வைத்தேன்.

"எங்க உம்மாவுக்கு விசா கெடைக்கல. பிரசவத்துக்குப் பொறவு நானும் இந்தச் சின்னவனும்தான். அவுக கடைக்குப் போயிருவாக, இவ ஸ்கூலுக்குப் போயிருவா. பொழுது சாஞ்சா ஒங்க அடுக்கள லைட்டு மரத்துக்கு நடுவுல தெரியும். அதப் பாத்துக்கிட்டேதான் இவனுக்குப் பால் குடுப்பேன்."

அந்த லைட்டுக்கு அடியில் உட்கார்ந்துதான் நான் ஒவ்வொரு வாரமும் உங்களுக்கு எழுதுகிறேன். எங்கெங்கோ இருக்கும் உங்களிடமெல்லாம் இவ்வளவு பேசுகிறேன். ஜன்னலுக்கு வெளியே ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை கரண்ட் வந்தது. நன்றி சொல்லிவிட்டு எல்லோரும் வந்த வழியே போனார்கள். வீடு மறுபடி வாயை மூடிக்கொண்டது. முன்பு இருந்த அமைதிதான். ஆனால் இப்போது அதன் எடை தெரிந்தது.

சனிக்கிழமை அன்வர் புதுக் கம்பியோடு வந்தார். "கூண்டத் திருப்பிக் கட்டிருவோமாக்கா?"

"வேணாம். அங்க ஒரு கேட் போட்டுடலாம். தாழ்ப்பாள் ரெண்டு பக்கமும் திறக்கிற மாதிரி."

போட்டோம். ஞாயிற்றுக்கிழமை முழுக்க கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் வரவில்லை. ஏன் வரவேண்டும்? கைக்குழந்தைக்காரிக்கு ஆயிரம் வேலை. சாயங்காலம்தான் எனக்கு உறைத்தது: வேலி இல்லாத நாட்களில்கூட நான் ஒருமுறையும் அந்தப் பக்கம் போனதில்லை. எப்போதும் அவள்தான் வந்தாள்.

நேற்று நானே போனேன். சாக்கு எதுவும் யோசிக்கவில்லை. கதவைத் தட்டினேன். உள்ளே குழந்தையின் அழுகை. தலைமுடி கலைந்து, தோளில் பால் கறையோடு சபீனா கதவைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள்.

"புடிங்கக்கா, நான் குளிச்சு ரெண்டு நாளாச்சு" என்று ரயானை என் கையில் திணித்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் பாத்ரூமுக்கு ஓடினாள்.

'வாங்க' என்றுகூடச் சொல்லவில்லை. நல்லவேளை!